ஒரே ஜம்ப்பில் சேலமா, திருப்பூரோடு நிறுத்தமா? விண்வெளி விளையாட்டில் படைப் பயணத்துக்கு எந்த வரம்பு நல்லது

கோவையில் நாலைந்து பேர் சேர்ந்து ஆன்லைன் விண்வெளி விளையாட்டு ஒன்று கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கப்பல்கள் தயார், ஆயுதங்கள் தயார், சர்வர் ஓடுகிறது, சோதனைக்கு இரவு 9 மணிவாக்கில் 300 பேர் வருகிறார்கள். இந்த இடத்தில் பல குழுக்கள் பீரங்கியின் சேத எண்ணைத் திருகிக்கொண்டே மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடும். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது வேறு: ஒரு படை வரைபடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம்? சேத எண்ணை மாற்றினால் எந்தக் கப்பல் ஜெயிக்கும் என்பது மாறும். பயண எண்ணை மாற்றினால் சண்டைக்கு யார் யார் வருவார்கள் என்பதே மாறிவிடும்.

கையில் இருக்கும் வழிகள் ஐந்து. ஒரு ஜம்ப்பின், அதாவது ஒரு சிஸ்டத்திலிருந்து (நட்சத்திர மண்டலத்திலிருந்து) இன்னொன்றுக்கு ஒரே தாவலின், தூரத்துக்கு வரம்பு வைக்கலாம். அடுத்தடுத்து ஜம்ப் செய்யும் பைலட்டுக்குக் களைப்பு ஏற்றலாம். ஜம்ப்பையே எடுத்துவிட்டு, கேட், அதாவது சிஸ்டங்களை இணைக்கும் வாயில், இருக்கும் தடத்தில் மட்டும் போகவிடலாம். எரிபொருள் விலையை ஏற்றலாம். அல்லது பயணத்தை மணிக்கணக்கில் நீட்டி, படை வருவதை எதிரிக்கும் தெரியவிடலாம். ஐந்தையும் யாராவது ஒருவர் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள்.

வரம்பு இல்லாத காலம்

இதற்கெல்லாம் பெரிய பரிசோதனைக் கூடம், ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-ல் வெளியிட்ட ஈவ் ஆன்லைன். அதில் கேபிடல் எனப்படும் பெருங்கப்பல்கள், போகவேண்டிய சிஸ்டத்தில் தங்கள் ஆள் ஒருவர் சைனோ என்ற வழிகாட்டி விளக்கைப் போட்டால் அந்த வெளிச்சத்தைப் பிடித்து நேரே அங்கே ஜம்ப் ஆகும். 2014 வரை, திறமை முழுக்க ஏற்றிய கேரியர் என்ற கேபிடல் ஒன்று ஒரே ஜம்ப்பில் 14.6 ஒளியாண்டு போனது. கெப்பாசிட்டர், அதாவது கப்பலின் மின்சேமிப்பு, மறுபடி நிரம்ப வேண்டும், அவ்வளவுதான்; உடனே அடுத்த ஜம்ப்.

ஒரு ஒளியாண்டை 10 கிலோமீட்டர் என்று சுருக்கி நம்மூர் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் இது உறைக்கும். கோவையில் நிற்கும் கேரியர் ஒரே ஜம்ப்பில் சங்ககிரியைத் தாண்டி சேலத்து வாசலில் நிற்கும். பல்லடத்தில் பத்துப் பேரும் பத்துப் பேரும் அடித்துக்கொண்டிருந்தால், சேலத்திலிருந்து நூறு பேர் ஐந்து நிமிடத்தில் வந்து இரண்டு தரப்பையும் சுருட்டிக்கொண்டு போவார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடிக்குப் பஸ் செலவும் கிடையாது. அதனால் சின்ன அணிகள் தங்களிடம் இருந்த பெரிய கப்பலை வெளியே எடுக்கவே பயந்தன. கப்பல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

2013 ஜனவரியில் அசகாய் என்ற சிஸ்டத்தில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். டைட்டன் என்ற மிகப் பெரிய கேபிடலின் பைலட் ஒருவர் தன் படையை முன்னே அனுப்புவதற்குப் பதிலாக, பட்டனைத் தவறி அழுத்தித் தானே ஜம்ப் ஆகிவிட்டார். செய்தி பரவியதும் தூரம் பார்க்காமல் எல்லா அணிகளும் வந்து குவிந்தன. 2,800 பேருக்கு மேல். அடுத்த ஆண்டு ஜனவரி 27-ல் பி-ஆர்5ஆர்பி சிஸ்டத்தில், நிலத்துக்கான கட்டணம் கட்டாமல் விட்டுப்போனதில் தொடங்கிய போர் சுமார் 21 மணி நேரம் நடந்து, 75 டைட்டன்களைத் தின்றது.

களைப்பு: கணக்கைப் போட்டுப் பார்த்தால்

2014 நவம்பர் 4-ல் வந்த ஃபீபி வெளியீட்டில் சிசிபி மூன்றை ஒன்றாகச் செய்தது. போர்க் கேபிடல்களின் ஜம்ப் தூரம் 5 ஒளியாண்டாகக் குறைந்தது. ஜம்ப் களைப்பு வந்தது. அதுவரை கேட்டில் நுழைய முடியாத கேபிடல்கள், பாதுகாப்புக் குறைந்த பகுதிகளில் கேட் வழியாகப் போகலாம் என்றானது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு வழியை இறுக்கும்போது மெதுவான மாற்று வழி ஒன்றைத் திறந்து வைத்ததால்தான் முதல் இரண்டும் தாங்கின.

களைப்பின் சூத்திரம் எளிது. ஜம்ப்புக்கு முன் உள்ள களைப்பை (10 நிமிடத்துக்குக் குறைந்தால் 10 என்று எடுத்து) ஒளியாண்டு கூட்டல் ஒன்றால் பெருக்கு. அது புதிய களைப்பு. அடுத்த ஜம்ப்புக்குக் காத்திருப்பு: பழைய களைப்பில் பத்தில் ஒரு பங்கு, அல்லது ஒளியாண்டு கூட்டல் ஒரு நிமிடம், இரண்டில் பெரியது. இரண்டு கடிகாரமும் ஒரே சமயத்தில் இறங்கும்.

ஓய்வாக இருக்கும் பைலட் 5 ஒளியாண்டு ஜம்ப் செய்கிறார்: காத்திருப்பு 6 நிமிடம், களைப்பு 60. ஆறு நிமிடத்தில் இரண்டாவது ஜம்ப்: மீதி 54-ஐ ஆறால் பெருக்க 324 நிமிடம். மறுபடி ஆறு நிமிடத்தில் மூன்றாவது: மீதி 318, காத்திருப்பு 31.8 நிமிடம், களைப்பு 1,908 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட 32 மணி நேரம். நாலாவது ஜம்ப்புக்குப் பின் காத்திருப்பு 3 மணி 8 நிமிடம். களைப்பு எட்டு நாளை நெருங்கும். தொடக்கத்தில் இதன் உச்சவரம்பு 30 நாள்.

இந்த எண்கள் வரைபடத்தில் மூன்று வட்டம் போடுகின்றன. ஒரே ஜம்ப், நம் கணக்கில் கோவை–திருப்பூர், ஏறக்குறைய இலவசம்: போய் ஒரு மணி நேரம் சண்டை போட்டால் களைப்பு தானாகத் தீர்ந்திருக்கும். இரண்டு ஜம்ப், அதாவது ஈரோடு, அன்றைய மாலையை எடுத்துக்கொள்ளும். நான்கு ஜம்ப் தள்ளி இருக்கும் சேலத்துக்குப் போனவர் வாரத்துக்கு அங்கேதான். ஆகவே போவதா என்ற கேள்வி "திரும்பி வர முடியுமா" என்றாகிறது. பல்லடத்துச் சண்டைக்கு சேலத்துக்காரர் வராமல் போனது இதனால்தான். தூரத்தை அவர் பொருட்படுத்தவில்லை. அவர் வந்து மாட்டிக்கொண்டால் இரவு சேலத்தைக் காக்க ஆளிருக்காது.

தூரத்தைத் துண்டு போட்டுத் தப்பலாமா என்றால், முடியாது. 2.5 ஒளியாண்டாக இரண்டு முறை போனால் களைப்பு 110 நிமிடம். ஒரே ஜம்ப்பில் 5 போனால் 60. பெருக்கல் சூத்திரத்தின் நல்ல பக்கம் இது.

கெட்ட பக்கமும் அதே பெருக்கல்தான். தெரியாமல் நாலு தடவை பட்டனை அழுத்திய புதியவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் தண்டனை. விளையாட முடியாத நாளில் யாரும் உட்கார்ந்து காத்திருக்க மாட்டார்கள். வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார்கள். சிசிபி இதைப் படிப்படியாகத் தளர்த்தியது. இப்போது களைப்பின் உச்சம் 5 மணி நேரம், காத்திருப்பின் உச்சம் 30 நிமிடம். கேரியருக்கும் டிரெட்நாட் என்ற பீரங்கிக் கேபிடலுக்கும் தூரம் 7 ஒளியாண்டு, டைட்டனுக்கு 6. 5 ஒளியாண்டாக ஐந்து ஜம்ப் போகும் 25 ஒளியாண்டுப் பயணத்தில் ஐந்தாவது ஜம்ப் பழைய விதியில் கிளம்பியதிலிருந்து 3 மணி 51 நிமிடத்தில் கிடைக்கும். புதிய உச்சவரம்போடு அதே 5 ஒளியாண்டு ஜம்ப்களாகப் போனால் சுமார் 1 மணி 8 நிமிடம்.

நம் ஊர் நேரத்துக்கு 5 மணி நேரம் என்பது பொருத்தமான எண். இரவு 8 மணிக்கு உட்கார்ந்து 12 மணிக்கு எழுபவர், விளையாடும்போது முழு விலையும் கொடுப்பார். மறுநாள் வரும்போது கடன் இருக்காது.

சரக்குக் கப்பலை மட்டும் இந்த விதியிலிருந்து பெரும்பாலும் விடுவிக்க வேண்டும். ஈவில் ஜம்ப் ஃப்ரெய்ட்டருக்கு 10 ஒளியாண்டு தூரம், களைப்புக் கணக்கில் 90 சதவீதக் கழிவு. அதைச் செய்யாவிட்டால் எல்லைப்புறத்தில் தோட்டா விலை ஏறி, சண்டையே நின்றுவிடும்.

பெரிய போர் சிறுத்ததா?

இல்லை. களைப்பு வந்து ஆறு ஆண்டு கழித்து, 2020 அக்டோபரில் எஃப்டபிள்யூஎஸ்டி-8 சிஸ்டத்துப் போரில் ஒரே நேரத்தில் 6,557 பேர் இருந்து கின்னஸ் சாதனையானது. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் எம்2-எக்ஸ்எஃப்இ சிஸ்டத்தில் 257 டைட்டன்கள் அழிந்தன; பி-ஆர் போரின் எண்ணிக்கையைப் போல மூன்று மடங்குக்கு மேல். "பயணத்தைக் கட்டுப்படுத்தினால் மகா போர்கள் ஒழியும்" என்று நம்பி இந்த விதியை வைப்பவர் ஏமாறுவார்.

காரணம் இரண்டு. அவசரத்தில் வந்து சேர முடியாத போருக்கு முன்கூட்டியே வந்து குடியிருக்கலாம். மாதக்கணக்கில் நடக்கும் போரில் ஒரு வாரக் களைப்பு ஒன்றுமில்லை. இரண்டாவது, டைம் டைலேஷன். ஒரு சிஸ்டத்தில் கூட்டம் கூடினால் சர்வர் அங்கே மட்டும் நேரத்தை மெதுவாக்கும், வழக்கமான வேகத்தில் பத்தில் ஒரு பங்காகும் வரை. வெளியே நேரம் வழக்கம்போல் ஓடும். வெளியிலிருந்து 68 நிமிடத்தில் வந்து சேரும் படை, உள்ளே சண்டை போடுபவரின் கணக்கில் ஏழே நிமிடத்தில் வந்துவிடுகிறது. நீங்கள் வைத்த வரம்பு, அது அதிகம் தேவைப்படும் இடத்தில் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. உங்கள் சர்வரும் நெரிசலில் நேரத்தை மெதுவாக்கும் வகை என்றால், நுழைவுக் காத்திருப்பை உள்ளே ஓடும் நேரத்தில் அளக்க வேண்டும்.

மாறியது சின்ன, நடுத்தரச் சண்டைகள்தான். அண்டை வீட்டார் இருவர் சண்டையில் மூன்றாமவர் நுழைய யோசிக்கிறார். அந்த அவகாசத்தில்தான் இருபது பேர் அணி ஒன்று டிரெட்நாட்டை வெளியே எடுக்கத் துணிகிறது.

பக்க விளைவும் உண்டு. நகர்வது கஷ்டமானால், நகரவே வேண்டாத அளவு ஓரிடத்தில் குவிப்பார்கள். டெல்வ் பகுதியில் ஒரு பெருங்கூட்டணி டைட்டன் போன்ற சூப்பர் கேபிடல்களைக் குடை மாதிரி விரித்து வைத்திருந்தது இப்படித்தான். அந்தக் குடைக்குள் யாரைத் தொட்டாலும் சில நிமிடத்தில் டைட்டன். தூரத்திலிருந்து வரும் அடியாளைத் தடுக்கும் விதி, உள்ளூர்ப் பண்ணையாரைத் தடுக்காது.

தடத்தில் மட்டும் போ என்றால்

விண்வெளிப் பேரரசு கட்டும் ஸ்டெல்லாரிஸ் விளையாட்டு 2016-ல் வந்தபோது மூன்று விதப் பயணம் இருந்தது: எங்கும் போகும் வார்ப், நிலையம் கட்டிப் போகும் வார்ம்ஹோல், தடத்தில் மட்டும் ஓடும் ஹைப்பர்லேன். ஆளுக்கொரு விதம். வார்ப்காரர் எங்கு வேண்டுமானாலும் நுழைவார் என்றால் மற்றவர் எல்லையில் கோட்டை கட்டிப் பயனில்லை. 2018 பிப்ரவரியில் 2.0 பதிப்பு எல்லோரையும் தொடக்கத்திலிருந்து ஹைப்பர்லேனில் ஏற்றியது. உடனே கணவாய்களுக்கு மதிப்பு வந்தது. கோட்டைக்கு வேலை வந்தது.

கணவாய் என்றால் என்ன செய்யும் என்பதற்குக் கொங்கு நாட்டுக்கு வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை. 1790-ல் ஆங்கிலேயப் படை கோவை, பாலக்காடு, சத்தியமங்கலம் என்று மூன்றாகப் பிரிந்து நின்றது. செப்டம்பரில் திப்பு கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கி சத்தியமங்கலத்தில் நின்ற பகுதியை அடித்தார். அந்தப் பகுதியின் கர்னல் ஃப்ளாய்டு பின்வாங்கி, தலைமைத் தளபதி மெடோஸின் படையோடு போய்ச் சேர வேண்டியதாயிற்று. தட விளையாட்டில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்: எல்லா வாயிலையும் காக்கப் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் மெலிவாய், ஒன்றாய் நின்றால் ஒரு வாயில் திறந்துகிடக்கும். ஒரு கூட்டணி எத்தனை பெரிதானாலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. களைப்பு விதியால் இப்படியொரு சிக்கலைக் கொடுக்க முடியவில்லை.

கனத்துக்குத் தக்க வரம்பு என்பதற்கும் பக்கத்திலேயே மாதிரி இருக்கிறது. பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறும் திம்பம் மலைப்பாதையில், 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துத் தடை வந்தபோது கனரக வண்டிக்கு மாலை 6 மணியிலிருந்தும் இலகு வண்டிக்கு இரவு 9 மணியிலிருந்தும் என்று பிரித்தார்கள். காட்டு விலங்குகளுக்காக வந்த விதி அது. ஆனால் விளையாட்டுக் கட்டுபவர் பார்க்க வேண்டியது அந்தப் பிரிப்பை. ஒரே தடத்தில் ஸ்கூட்டருக்கு ஒரு விலை, பன்னிரண்டு சக்கர லாரிக்கு வேறு விலை.

தடத்தின் நோய் கேட் கேம்ப். வாயிலில் ஐந்து பேர் உட்கார்ந்து, வருகிற புதியவரையெல்லாம் சுடுவது. முதல் நாளே மூன்று தடவை செத்தவர் இரண்டாம் நாள் வரமாட்டார். ஈவில் இதற்கு மருந்து: கேட்டைத் தாண்டியதும் 60 விநாடி மறைவு, வாயிலைச் சுற்றி ஏதோ ஓரிடத்தில் இறக்கிவிடுதல், சுட்டவர் 60 விநாடிக்கு அந்தக் கேட்டில் ஓடித் தப்ப முடியாமை. மூன்றும் வேண்டும். மூன்றாவதை விட்டால், சுட்டுவிட்டு வாயிலுக்குள் ஒளிபவரைப் பிடிக்கவே முடியாது. வரைபடத்தில் எந்த ஒரு தடத்தை அறுத்தாலும் ஊர் இரண்டாகத் துண்டாகக் கூடாது என்பதையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

எரிபொருளும் நேரமும்

எரிபொருள் விலை வரம்பே அல்ல. பணக்காரக் கூட்டணிக்கு அது சில்லறை. இருபது பேர் அணிக்கு அது மாதச் செலவு. யாரைக் காக்க விதி போட்டீர்களோ அவர் கழுத்தில்தான் விழும். பொருளாதாரத்துக்காக எரிபொருள் இருக்கட்டும், சண்டைக்காக வேண்டாம்.

மணிக்கணக்கில் பயணம் என்பது ஓகேம் என்ற பிரவுசர் விளையாட்டின் வழி. படை கிளம்பியதும் வந்து சேரும் விநாடி எதிரிக்குத் தெரியும். கிளம்பியவர் வழியில் திருப்பி அழைக்கலாம். அங்கே சண்டை என்பது கடிகாரக் கணக்கு: தூங்கப் போகும்போது படையை எங்காவது பறக்கவிட்டுக் காப்பது, நிலாவிலிருந்து ஃபேலன்க்ஸ் என்ற உளவுக் கருவி வைத்து எதிரியின் படை வீடு திரும்பும் விநாடியைப் பார்த்து அடுத்த விநாடியில் போய் இறங்குவது. போனில் நாளுக்கு நாலு தடவை எட்டிப் பார்க்கும் விளையாட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். கையால் கப்பல் ஓட்டும் விளையாட்டுக்குப் பொருந்தாது.

எலீட் டேஞ்சரஸ் என்ற விளையாட்டு வேறொரு குறுக்கு வழி பிடித்தது. 2020-ல் வந்த ஃப்ளீட் கேரியர் ஒரே ஜம்ப்பில் 500 ஒளியாண்டு போகும், ஆனால் தயாராகச் சுமார் 15 நிமிடம் எடுக்கும். அந்தக் கேரியரால் சண்டை போட முடியாது. வீடு தூரம் போகலாம், ஆயுதம் போகக் கூடாது. சண்டையைக் கெடுக்காமல் ஊர்சுற்றலைக் கொடுக்க இது நல்ல உத்தி.

எதை எடுப்பது

ஒரு விகிதத்தை வைத்து முடிவெடுக்கலாம்: உதவிப் படை வந்து சேரும் நேரத்தை, ஒரு சராசரிச் சண்டை நீளும் நேரத்தால் வகுங்கள். ஒன்றுக்குக் கீழே என்றால் எல்லோரும் வருவார்கள். மூன்றுக்கு மேலே என்றால் யாரும் வரமாட்டார்கள். அண்டை அணிக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகவும், வரைபடத்தின் மறுமூலைக் கனக்கப்பலுக்கு மூன்றுக்கு மேலும் இருக்க வேண்டும்.

300 பேர் வரும் விளையாட்டுக்குத் தடமும் கனத்துக்குத் தக்க கேட் நேரமுமே என் தேர்வு. ஐம்பது சிஸ்டம், ஒவ்வொன்றுக்கும் இரண்டிலிருந்து நாலு தடம், மூலைக்கு மூலை 12 கேட். இலகு கப்பலுக்கு ஒரு சிஸ்டம் கடக்க 45 விநாடி, கனக்கப்பலுக்கு 3 நிமிடம். மூலைக்கு மூலை இலகு 9 நிமிடம், கனம் 36. சண்டை சராசரி 8 நிமிடம் என்றால் விகிதம் 1.1, 4.5. இரண்டு கேட் தள்ளி இருக்கும் அண்டை வீட்டுக் கனக்கப்பல் 6 நிமிடத்தில் வரும், 0.75. ஆட்டக்காரருக்குப் படித்துப் புரியவேண்டிய சூத்திரம் எதுவும் இல்லை. வாய்ஸ் சேட்டில் "சைனோ போடட்டுங்களாண்ணா?" என்று கேட்கும் தம்பிக்குக் களைப்புக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அண்ணனுக்கு நேரம் இருக்காது.

ஆயிரங்களில் ஆள் வரத் தொடங்கி, சிஸ்டங்கள் நூற்றுக்கணக்கில் பெருகினால் தடம் மட்டும் சலிப்பூட்டும். நாற்பது கேட் தாண்ட யாருக்கும் பொறுமை இருக்காது. அப்போது தூர வரம்போடு ஜம்ப்பைத் திறந்து, களைப்பை 5 மணி நேரத்துக்குள் கட்டிப்போடுங்கள். தூர வரம்பு மட்டும் போதாது. அது ஜம்ப்பின் எண்ணிக்கையைக் கூட்டுமே தவிர, திரும்பி வரும் விலையைத் தொடாது.

களைப்பு விதியைத் தேர்ந்தெடுத்தால் ஓட்டைகள் எங்கே வரும் என்பதும் தெரிந்த கதைதான். முதலாவது, இரண்டாம் அக்கவுண்ட்: ஊருக்கு ஒரு கப்பல், கப்பலுக்கு ஒரு அக்கவுண்ட். இதை முழுக்க அடைக்க முடியாது. கனக்கப்பல் ஓட்டும் திறமைக்கு மாதக்கணக்கான பயிற்சி வைத்தால் விலை ஏறும். இரண்டாவது, உடல் மாற்றம்: கப்பலை விட்டுவிட்டு ஆள் மட்டும் வேறு ஊரில் உள்ள குளோனுக்கு, அதாவது மாற்று உடலுக்கு, தாவுவது. ஈவில் இதற்கு அடிப்படையாக 24 மணி நேர இடைவெளி. செத்தால் வீட்டில் எழுவது என்ற விதி இருந்தால், தற்கொலை செய்துகொள்வதே வேகமான பஸ்ஸாகிவிடும். செத்தாலும் களைப்பு பைலட்டோடு தொடர வேண்டும்.

கட்டும்போது, களைப்பை விநாடிக்கு விநாடி குறைக்கும் எண்ணாக வைக்காதீர்கள். தீரும் நேரத்தை மட்டும் சர்வர் கடிகாரப்படி டேட்டாபேஸில் எழுதி, ஜம்ப்பின்போது கழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சர்வர் மறுதொடக்கத்தில் எண் காணாமல் போகும், அல்லது ஆள் லாக் அவுட் ஆனதும் உறைந்துவிடும். ஜம்ப்பின் நடுவே ஃபைபர் போய்விட்டால் கப்பல் பயணத்திலேயே இருக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் பாதி அணி இதில் மாட்டும்.

வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை. பத்துக்குப் பத்து என இரண்டு அணிகளை மோதவிட்டு, கனக்கப்பலோடு இருபது பேர் மூன்றாம் அணியை ஒரு முறை ஒரு கேட் தூரத்திலும், அடுத்து ஆறு கேட் தூரத்திலும் நிறுத்துங்கள். ஒவ்வொன்றையும் பத்து தடவை நடத்தி, மூன்றாம் அணி வந்தபோது களத்தில் இன்னும் சண்டை இருந்ததா என்று குறியுங்கள். ஆறு கேட் தூரத்து அணி பத்தில் மூன்று தடவைக்கு மேல் சண்டையைப் பிடித்துவிட்டால் கனக்கப்பலின் கேட் நேரத்தில் 30 விநாடி ஏற்றுங்கள். ஒரு கேட் தூரத்து அணி பாதித் தடவையாவது பிடிக்கவில்லையென்றால் 30 விநாடி இறக்கி, மறுபடி பத்து தடவை.